ஓஹியோவைப் பிளந்த எல்லைக்கோடு: சில்லறை மின் போட்டி பதினோரு ஆண்டுகள் காத்திருந்த கதை

2005ஆம் ஆண்டின் மின்வரைபடத்தில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். வடக்கே க்ளீவ்லாந்து, டொலிடோ நகரங்களின் உயரழுத்தப் பாதைகளை இண்டியானாவில் இருந்த ‘மிசோ’ இயக்கியது; பல மாநிலங்களின் மின்பாதைகளையும் மொத்த விற்பனைச் சந்தையையும் நடத்தும் அமைப்பு அது. தென்மேற்கு மூலையில் சின்சினாட்டியும் மிசோவின் கையில்தான். நடுவே கிடந்த கொலம்பஸ், டேட்டன் நகரங்களின் பாதைகளைப் பென்சில்வேனியாவிலிருந்து அதே வகை அமைப்பான பி.ஜே.எம். இயக்கியது. மாநிலம் ஒன்று, சில்லறை மின்சாரச் சட்டம் ஒன்று, ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று. மொத்த விற்பனை மின்சாரத்துக்கு விலை வைக்கும் சந்தைகள் மட்டும் இரண்டு.

இந்த எல்லையைப் பொறியாளர்கள் வரையவில்லை. மின்சாரம் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டு அது பிறக்கவும் இல்லை. நான்கைந்து நிறுவனங்களின் இயக்குநர் குழுக்கள் தத்தம் வசதிக்கு எடுத்த முடிவுகள் ஒன்றுசேர்ந்து இப்படி ஒரு கோடாகிவிட்டன. ஓஹியோவில் வீட்டுக்காரரும் தொழிற்சாலையும் தங்களுக்கு விருப்பமான விற்பனையாளரிடம் மின்சாரம் வாங்கும் உரிமை 2001 ஜனவரி 1 முதல் சட்டப்படி இருந்தது. ஆனால் அந்த உரிமை மாநிலம் முழுவதற்கும் ஒரே மொத்தச் சந்தையின் மேல் நின்றது 2012 ஜனவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றைத்தான் இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

சட்டத்தில் இருந்த சரியான பிரிவு

1935ஆம் ஆண்டின் கூட்டாட்சி மின்சாரச் சட்டம் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்துவைத்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொடரமைப்பும் (உயரழுத்தப் பாதைகளின் வலை) மொத்த விற்பனையும் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. சில்லறை விற்பனை மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே ஒரு மாநிலம் சில்லறைப் போட்டியை அறிவிக்கலாம். அந்தப் போட்டிக்குச் சரக்கு வந்துசேர வேண்டிய பாதையை அதனால் ஆள முடியாது.

1996 ஏப்ரலில் கூட்டாட்சி ஆணையம் 888ஆம் ஆணையைப் பிறப்பித்தது. தொடரமைப்பை வைத்திருக்கும் நிறுவனம், தன் சொந்த மின் நிலையங்களுக்குப் பாதையை எந்த விதிமுறையில் தருகிறதோ அதே விதிமுறையில் மற்றவர்களுக்கும் தர வேண்டும் என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பாதையில் இன்று எத்தனை மெகாவாட்டுக்கு இடம் மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடுபவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். ‘இடம் இல்லை’ என்று அவர் சொன்னால் வெளியாள் சரிபார்க்க வழி இல்லை. நெரிசல் வந்தால் யாருடைய பரிவர்த்தனையை வெட்டுவது என்பதும் விலையை வைத்து முடிவாகவில்லை. முன்னுரிமைப் பட்டியலை வைத்து முடிவானது. 1998 ஜூன் கடைசியில் கடும் வெப்பமும், பழுதாகி நின்ற மின் நிலையங்களும், நெரிந்த பாதைகளும் ஒன்றுசேர்ந்தபோது, மத்திய மேற்கு மாநிலங்களில் சில பத்து டாலருக்கு விற்ற மெகாவாட்-மணி 7,500 டாலர் வரை போனது. விற்பதாக ஒப்புக்கொண்ட சில வணிகர்கள் கைவிரித்தார்கள். ஓஹியோ தன் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தபோது இந்தச் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, 1999 ஜூலையில் ஆளுநர் பாப் டாஃப்ட் கையெழுத்திட்ட செனட் மசோதா 3 வெறும் விற்பனைச் சட்டமாக இருக்கவில்லை. சில்லறைப் போட்டி தொடங்கும் நாளிலிருந்து மாநிலத்தில் தொடரமைப்பு வைத்திருக்கும் எவரும் அதன் இயக்கத்தைத் தகுதியுள்ள சுதந்திர அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்திருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. அந்த அமைப்பு சந்தையில் விற்கும் எவருக்கும் கட்டுப்படக் கூடாது, போதிய பரப்பு கொண்டதாக இருக்க வேண்டும், அடுக்கடுக்கான கட்டணங்களைக் குறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் சில்லறைப் போட்டியை ஏற்ற மாநிலங்கள் பலவற்றில், இவ்வளவு தெளிவாகத் தொடரமைப்பைப் பற்றி யோசித்த சட்டம் அரிது என்பது என் எண்ணம்.

பிழை அடுத்த வரியில் இருந்தது. காலக்கெடுவை நீட்டிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்தது சட்டம். ஆணையம் நீட்டித்தது. போட்டி தொடங்கிய நாளில் தகுதியுள்ள அமைப்பு எதுவும் ஓஹியோவில் இயங்கவில்லை.

அலையன்ஸ்: உரிமையாளர்களே கட்டிய வீடு

1999 டிசம்பர் 20 அன்று கூட்டாட்சி ஆணையம் 2000ஆம் ஆணையை வெளியிட்டது. மண்டலத் தொடரமைப்பு அமைப்பு என்றால் என்ன என்பதற்கு நான்கு இலக்கணங்களை வகுத்தது: சந்தையில் விற்பவர்களிடமிருந்து சுதந்திரம், போதிய நிலப்பரப்பு, பாதைகளை நேரடியாக இயக்கும் அதிகாரம், குறுகிய கால நம்பகத்தன்மைக்கான பொறுப்பு. இவற்றோடு எட்டுப் பணிகளும் சொல்லப்பட்டன. 2001 டிசம்பர் 15க்குள் இவை நாடெங்கும் இயங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் சேருவது நிறுவனங்களின் விருப்பம். எந்த அமைப்பில் சேருவது என்பதும் அவற்றின் விருப்பம். இதன் பின்விளைவுகள் பலவும் இந்த ‘விருப்பம்’ என்ற ஒற்றை வழியாக வந்தவைதான்.

ஓஹியோவின் இரு பெரிய மின் நிறுவனங்களான, கொலம்பஸ் பக்கத்து அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவரும் (இனி ஏ.இ.பி.) க்ளீவ்லாந்து, டொலிடோ பக்கத்து ஃபர்ஸ்ட்எனர்ஜியும், மிச்சிகன், வர்ஜீனியா நிறுவனங்களோடு சேர்ந்து ‘அலையன்ஸ்’ என்ற பெயரில் சொந்த மண்டல அமைப்பு ஒன்றை உருவாக்கப் பார்த்தன. பின்னர் இல்லினாய், இண்டியானா நிறுவனங்களும் டேட்டன் நிறுவனமும் கூடின. பக்கத்திலேயே மிசோ உருவாகிக்கொண்டிருந்தது, கிழக்கே பி.ஜே.எம். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல், மூன்றாவது ஒன்று எதற்கு? தங்கள் பாதைகளின் வருவாய் விதிகளைத் தாங்களே எழுதிக்கொள்ளும் ஆசை என்பதைத் தவிர வேறு வலுவான விடையை என்னால் காண முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மனுக்களும் திருத்தங்களுமாகப் போனபின், 2001 டிசம்பர் 20 அன்று அலையன்ஸுக்குப் போதிய பரப்பு இல்லை என்று கூட்டாட்சி ஆணையம் நிராகரித்தது. அதே நாளில் மிசோ, நாட்டின் முதல் மண்டலத் தொடரமைப்பு அமைப்பாக ஒப்புதல் பெற்றது.

வீடு இடிந்தபின் குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஏ.இ.பி., டேட்டன், சிகாகோவின் காமன்வெல்த் எடிசன் மூன்றும் பி.ஜே.எம். பக்கம் சாய்ந்தன. ஃபர்ஸ்ட்எனர்ஜி மிசோ பக்கம் போனது. 2002 ஜூலை 31 அன்று, நிபந்தனைகளோடு என்றாலும், கூட்டாட்சி ஆணையம் இந்தத் தேர்வுகளை ஏற்றுக்கொண்டது. இதன்படி சிகாகோ பி.ஜே.எம்.மில் சேரும், ஆனால் இடையில் இருக்கும் வட இண்டியானா மிசோவில் இருக்கும். மிச்சிகனும் விஸ்கான்சினும் மிசோவின் மற்ற பகுதிகளிலிருந்து ஏறக்குறைய துண்டாகும். அந்த இரு மாநிலங்களுக்கும் நட்டம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையமே நிபந்தனை போட்டது என்றால், வரைபடம் கோணலாகிவிட்டது என்று அதற்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

2003 ஆகஸ்ட் 14

அந்தக் கோணல் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு பிற்பகல் காட்டியது. ஃபர்ஸ்ட்எனர்ஜி அன்று மிசோவின் முழு உறுப்பினர் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் அதன் நம்பகத்தன்மையைக் கண்காணிக்கும் பொறுப்பு மிசோவிடம் இருந்தது. பக்கத்து ஏ.இ.பி., டேட்டன் ஆகியவற்றுக்கான அதே பொறுப்பு பி.ஜே.எம்.மிடம் இருந்தது.

மதியம் 2.02 மணிக்கு டேட்டனின் ஸ்டூவர்ட்–அட்லாண்டா 345 கிலோவோல்ட் பாதை செயலிழந்தது. அது பி.ஜே.எம். கண்காணிப்பில் இருந்த பாதை. மிசோவின் கணினி மாதிரிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கட்டமைப்பின் நிலையைக் கணித்துச் சொல்லும் மிசோவின் மென்பொருள், நண்பகலிலிருந்தே தடுமாறிக்கொண்டிருந்தது. இந்தப் பாதை செயலிழந்தது தெரியாததால் மேலும் குழம்பியது. ஃபர்ஸ்ட்எனர்ஜியின் எச்சரிக்கை ஒலிகள் 2.14க்குப் பின் செயலிழந்திருந்தன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. 3.05, 3.32, 3.41 மணிகளில் அடுத்தடுத்து மூன்று 345 கிலோவோல்ட் பாதைகள், சூடேறித் தொய்ந்து மரங்களைத் தொட்டுச் செயலிழந்தன. மூன்றாவதான ஸ்டார்–சவுத் கேன்டன், ஃபர்ஸ்ட்எனர்ஜியையும் ஏ.இ.பி.யையும் இணைத்த பாதை. அதன் பளுவைக் குறைப்பது பற்றி ஏ.இ.பி.யும் பி.ஜே.எம்.மும் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தன. எல்லைக்கு அப்பால் இருந்தவர்களோடு சேர்ந்து செயல்பட எழுதப்பட்ட பொது நடைமுறை இல்லை. மிசோவின் மென்பொருள் 4.04க்கு முழுமையாகச் சரியானது. 4.06க்குள் சாமிஸ்–ஸ்டார் பாதையும் போய், சரிவு தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள்.

மரம் வெட்டாததும் மென்பொருள் கோளாறும்தான் உடனடிக் காரணங்கள். ஆயினும் இரு நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை, மிசோவுக்கும் பி.ஜே.எம்.முக்கும் இடையே எல்லைப் பகுதியில் எப்போது, எப்படிக் கூட்டாகச் செயல்படுவது என்பதற்கு நடைமுறை இல்லாததையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. சில்லறைப் போட்டிதான் மின்தடையைக் கொண்டுவந்தது என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அன்று குறைவாக இருந்தது ஒருங்கிணைப்பு. போட்டியை அகற்றியிருந்தாலும் ஸ்டூவர்ட்–அட்லாண்டா செய்தி மிசோவுக்குப் போயிருக்காது. இரு அமைப்புகளும் கூட்டு இயக்க ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துக் கூட்டாட்சி ஆணையத்திடம் சமர்ப்பித்தன; அதற்கு 2004இல் ஒப்புதல் கிடைத்தது.

மற்ற மாநிலங்களின் கை

ஓஹியோ விரும்பியது போதவில்லை. ஏ.இ.பி.யின் கிழக்குப் பகுதிக் கட்டமைப்பு ஏழு மாநிலங்களில் பரந்து கிடப்பது. 765 கிலோவோல்ட் பாதைகளாலான ஒரே உடல். அதில் ஓஹியோவின் பங்கை மட்டும் வெட்டி எடுத்து ஒரு சந்தையில் சேர்க்க முடியாது. சில்லறைப் போட்டியே வேண்டாம் என்றிருந்த கென்டக்கியின் ஆணையம், தன் மக்களுக்கு மலிவான நிலக்கரி மின்சாரம் இருக்கும்போது இதனால் என்ன லாபம் என்று கேட்டு 2003 ஜூலையில் அனுமதி மறுத்தது. வர்ஜீனியா சட்டமன்றமோ 2004 ஜூலைக்கு முன் எந்த நிறுவனமும் இப்படி ஒப்படைக்கக் கூடாது என்று சட்டமே இயற்றியது. அவர்களுடைய கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. மலிவு மின்சாரத்தை விலை அதிகமான கிழக்குக் கடற்கரைக்குத் திறந்துவிட்டால், திறந்துவிட்டவருக்கு என்ன மிஞ்சும்?

கூட்டாட்சி ஆணையம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதுவரை அதிகம் எடுத்தாளப்படாத ஒரு பிரிவைக் கையில் எடுத்தது. மின் நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஒருங்கிணைவதை மாநிலச் சட்டம் தடுத்தால், அந்தத் தடையிலிருந்து விலக்களிக்க அது வழிசெய்தது. 2004 ஜூனில் இறுதி உத்தரவு வந்தது. கென்டக்கி அதற்குச் சற்று முன்பே சமரசத்துக்கு வந்திருந்தது. 2004 அக்டோபர் 1 அன்று ஏ.இ.பி.யும் டேட்டனும் பி.ஜே.எம்.மில் இணைந்தன. காமன்வெல்த் எடிசன் அதற்கு ஐந்து மாதம் முன்பே, மே மாதத்தில், இணைந்துவிட்டது, இடையில் ஏ.இ.பி. இல்லாததால், பி.ஜே.எம்.மின் மற்ற பகுதிகளோடு அதை ஒட்டவைத்தது ஒப்பந்தப் பாதை (இடையில் இருந்தவரின் கட்டமைப்பில் ஒப்பந்தம் போட்டுப் பெற்ற வழி) ஒன்று மட்டுமே.

அந்த ஆண்டின் டிசம்பரில் இன்னொரு தடையும் விழுந்தது. அதுவரை ஒரு விற்பனையாளர் மூன்று நிறுவனங்களின் பாதைகள் வழியாக மின்சாரம் கொண்டுவந்தால், சுங்கச்சாவடிகள் போல மூன்று இடத்திலும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மெகாவாட்-மணிக்கு ஒவ்வொன்றும் 3 டாலர் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 30 டாலர் மின்சாரத்தின் மேல் 9 டாலர் ஏறுகிறது. சில்லறை விற்பனையாளரின் லாபம் அதில் ஒரு பகுதிகூட இராது. மிசோவுக்கும் பி.ஜே.எம்.முக்கும் இடையேயான இந்த அடுக்குக் கட்டணம் 2004 டிசம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. வருவாய் இழந்த நிறுவனங்களுக்கான இடைக்கால ஈட்டுத்தொகை பற்றிய வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

விற்பனையாளரின் மேசையிலிருந்து

சில்லறை விற்பனையாளருக்கு மண்டல அமைப்பு எதற்காக வேண்டும் என்பதைப் பொதுவாகப் ‘பாதை திறப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் பாதையைவிட அவருக்கு முக்கியம் கணக்குத் தீர்ப்பு.

கொலம்பஸில் பத்தாயிரம் வீடுகளுக்கு விற்கும் சிறு நிறுவனம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாளை மாலை அந்த வீடுகளுக்கு 20 மெகாவாட் தேவை என்று மதிப்பிடுகிறது. முன்தினச் சந்தையில் வாங்குகிறது. மறுநாள் வெயில் ஏறி 24 மெகாவாட் ஆகிவிடுகிறது. பழைய முறையில் அந்த 4 மெகாவாட்டை உள்ளூர் மின் நிறுவனம் கொடுத்துவிட்டு அபராதக் கட்டணம் போடும். அந்த நிறுவனமே வாடிக்கையாளருக்காக அவரோடு போட்டியிடுவதும்கூட. பி.ஜே.எம். முறையில் அந்த 4 மெகாவாட் அந்த நேரத்து, அந்த இடத்துச் சந்தை விலையில் தீர்கிறது. அபராதம் இல்லை, கெஞ்சல் இல்லை. 1998 ஏப்ரல் முதல் பி.ஜே.எம். ஒவ்வொரு மின்முனைக்கும் (கட்டமைப்பில் மின்சாரம் ஏறும் அல்லது இறங்கும் இடம்) தனி விலை கணக்கிட்டு வெளியிட்டது. உற்பத்திச் செலவும் நெரிசலும் அந்த ஒரே எண்ணில் தெரிந்தன. மின்னிழப்பு பின்னர் அதில் சேர்ந்தது. நெரிசலுக்கு எதிரான நிதிக் காப்பு உரிமைகளும் வாடிக்கையாளர் எங்கே போகிறாரோ அவர் பின்னாலேயே போகும்படி அமைக்கப்பட்டன.

இதை வைத்துப் பார்த்தால் தொடக்க ஆண்டுகளின் புதிர் அவிழ்கிறது. க்ளீவ்லாந்து பகுதியில் 2001லேயே ஏராளமான வீடுகள் விற்பனையாளரை மாற்றின. நகராட்சிகள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய வடகிழக்கு ஓஹியோ பொது எரிசக்திக் குழு மொத்தமாக ஒப்பந்தம் போட்டது. அதைப் பலரும் சில்லறைப் போட்டியின் வெற்றி என்று கொண்டாடினார்கள். ஆனால் ஃபர்ஸ்ட்எனர்ஜி தன் சொந்த உற்பத்தியில் ஒரு பகுதியைக் குறித்த விலைக்குப் போட்டியாளர்களுக்கு ஒதுக்க உடன்பாடு செய்திருந்தது. அதாவது போட்டியாளர் விற்ற மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் பகுதியின் பழைய நிறுவனத்துடையதுதான். ஏ.இ.பி. பகுதியில் வீடுகளின் மாற்றம் பெயரளவுக்கே இருந்தது. அங்கே பழைய கட்டணம் மலிவு. வெளியிலிருந்து கொண்டுவந்து அதோடு மோத யாராலும் முடியவில்லை. போட்டி வேரூன்றச் சட்டம் ஒதுக்கிய ‘சந்தை வளர்ச்சிக் காலம்’ 2005 முடிவில் தீர்ந்தபோது போட்டி தயாராகவில்லை என்று மாநில ஆணையம் கருதி, கட்டண நிலைப்படுத்தும் திட்டங்களால் நாட்களைத் தள்ளிப்போட்டது.

திறனின் பூட்டு

மாநில மின்சாரச் சட்டத்தைத் திருத்திய 2008இன் செனட் மசோதா 221க்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2009 மே மாதத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜியின் மூன்று ஓஹியோ நிறுவனங்கள், தங்கள் வாடிக்கையாளர்களுக்கான மின்சாரத்தை ஏலத்தில் வாங்கின. பொருளாதாரச் சரிவால் மொத்த விலைகள் விழுந்திருந்தன. இப்போது போட்டியாளருக்கு ஓஹியோவில் இடம் இருந்தது.

அப்போதுதான் கொலம்பஸில் புதிய பூட்டு தெரிந்தது. பி.ஜே.எம். 2007 முதல் மூன்று ஆண்டுகள் முன்கூட்டியே ‘திறன்’ ஏலம் நடத்திவந்தது. கோடை உச்சத்தில் தன் வாடிக்கையாளருக்கு வேண்டிய அளவு மின் நிலையத் திறன் தயாராக நிற்க ஒவ்வொரு விற்பனையாளரும் பணம் கொடுக்க வேண்டும். ஏ.இ.பி. அந்த ஏலத்தில் சேராமல், தன் பகுதிக்கான திறனைத் தானே ஈடுகட்டும் மாற்று வழியைத் தேர்ந்திருந்தது. பி.ஜே.எம். விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. ஆகவே ஏ.இ.பி. பகுதியில் நுழையும் போட்டியாளர் திறனை அதனிடமே வாங்க வேண்டும். என்ன விலைக்கு? 2012/13க்கான பி.ஜே.எம். ஏல விலை மெகாவாட்-நாளுக்கு (ஒரு மெகாவாட் திறனுக்கு ஒரு நாளைக்கு) 16.46 டாலர். ஏ.இ.பி. தன் செலவு 355 டாலருக்கு மேல் என்றது. 2012 ஜூலையில் மாநில ஆணையம் செலவை 188.88 டாலர் என்று நிர்ணயித்தது. ஆனால் போட்டியாளர் ஏல விலையை மட்டும் கொடுத்தால் போதும், மீதியைப் பின்னர் வாடிக்கையாளரிடம் வசூலிக்கலாம் என்றது. சண்டை நீதிமன்றங்களுக்குப் போனது. போட்டி மட்டும் அந்த நாள் முதல் மூச்சுவிட்டது.

இந்த வழக்கு முழுவதிலும் எனக்கு முக்கியமாகத் தோன்றும் இடம் இதுவே. ஏ.இ.பி. எட்டு ஆண்டுகளாக மண்டல அமைப்பின் உறுப்பினர். பாதைகள் திறந்திருந்தன, முனை விலைகள் வெளியாகின, அடுக்குக் கட்டணம் போய்விட்டது. இருந்தும், உறுப்பினர் விதிகளில் ஒரு விதிவிலக்கு சில்லறைச் சந்தையை அடைத்துவைக்கப் போதுமானதாக இருந்தது. அமைப்பில் சேருவதை மட்டும் கேட்டது 1999 சட்டம்; சேர்ந்தபின் எந்த விதியின் கீழ் என்று கேட்கவில்லை.

ஒரே கூரையின் கீழ்

பென்சில்வேனியா, நியூ ஜெர்சியிலிருந்த ஃபர்ஸ்ட்எனர்ஜியின் மற்ற நிறுவனங்கள் ஏற்கெனவே பி.ஜே.எம்.மில் இருந்தன. இரண்டு விதிப் புத்தகங்களோடு வியாபாரம் செய்வது அதற்கே சுமையானது. 2009 டிசம்பரில் கூட்டாட்சி ஆணையத்தின் அனுமதி பெற்று, 2011 ஜூன் 1 அன்று ஓஹியோ பாதைகளைப் பி.ஜே.எம்.முக்கு மாற்றியது. 2012 ஜனவரி 1 அன்று சின்சினாட்டியும் வந்துசேர்ந்தது. எல்லைக்கோடு மறைந்தது.

மறைந்த சில மாதங்களிலேயே பாதைகளின் குறை வெளியே வந்தது. ஏரிக்கரையில் இருந்த ஈஸ்ட்லேக் உள்ளிட்ட பழைய நிலக்கரி நிலையங்களை மூடப்போவதாக ஃபர்ஸ்ட்எனர்ஜி அறிவித்தது. வட ஓஹியோவுக்குள் வெளியிலிருந்து கொண்டுவரக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. 2012 மே மாத ஏலத்தில், 2015/16க்கான திறன் விலை பி.ஜே.எம்.மின் பெரும்பகுதியில் 136 டாலர். வட ஓஹியோவில் 357 டாலர். உச்ச நேரத்தில் 3 கிலோவாட் இழுக்கும் வீடு ஒன்றுக்கு இந்த இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 240 டாலர். எந்த விற்பனையாளரை மாற்றியும் அதைத் தவிர்க்க முடியாது. எல்லோரும் அதே விலையைத்தான் கட்டுகிறார்கள். பி.ஜே.எம். தொடரமைப்பு மேம்பாடுகளுக்கு உத்தரவிட்டது. ஈஸ்ட்லேக்கின் மின்னாக்கிகள், மின்சாரம் உற்பத்தி செய்யாமல் மின்னழுத்தத்தை மட்டும் தாங்கிப்பிடிக்கும் கருவிகளாக மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு ஏலத்தில் வட ஓஹியோவின் விலை பெரிதும் இறங்கியது.

ஏ.இ.பி.யின் தனிவழி 2015 மே மாதத்தோடு முடிந்தது. ஆனால் உற்பத்தியைக் கைவிட மனமில்லாதவர்கள் சட்டமன்றத்தின் வாசலில் நின்றார்கள். 2019இன் அவை மசோதா 6, அணுமின் நிலையங்களுக்கு வாடிக்கையாளர் பணத்தில் மானியம் தந்தது. அதன் பின்னால் சுமார் 6 கோடி டாலர் லஞ்சம் இருந்தது வெளியானது. ஃபர்ஸ்ட்எனர்ஜி 2021இல், வழக்கை ஒத்திவைக்கும் உடன்பாடு ஒன்றில், தன் பங்கை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அவையின் முன்னாள் தலைவர் 2023இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பாதைகளின் இயக்கத்தைச் சுதந்திர அமைப்பிடம் கொடுத்தாயிற்று. தலைநகர் கொலம்பஸின் சட்டமன்றத்தை எந்த மண்டல அமைப்பும் இயக்கவில்லை.

2024 ஜூலையில் நடந்த ஏலத்தில் திறன் விலை 28.92 டாலரிலிருந்து 269.92 டாலராக எகிறியது. புதிய தரவு மையங்களின் பசியும், மூடப்படும் நிலையங்களும், இணைப்புக்காக வரிசையில் காத்திருக்கும் புதிய நிலையங்களும் சேர்ந்த விலை அது. பி.ஜே.எம்.மில் இருக்கும் சில மாநிலங்களில், மின் நிறுவனங்களே மறுபடியும் மின் நிலையம் கட்டட்டும் என்ற பேச்சு எழுந்தது. ஓஹியோ எதிர்த்திசையில் நடந்தது. 2025 மே மாதத்தில் கையெழுத்தான அவை மசோதா 15, நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களுக்காக ஆணையத்தோடு பேரம் பேசிவந்த ‘மின்பாதுகாப்புத் திட்டங்களை’ ஒழித்தது, பழைய நிலக்கரி நிலையங்களுக்கான மானியத்தை நிறுத்தியது.